பறக்க முயன்ற நீராவி

பாரிஸ் நகரின் நடுவில், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்துக்குள் விமானங்கள் தொங்குகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கல் வளைவுகள். உயரச் சன்னல்களின் வழியே இறங்கும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மரச்சட்டமும் துணியும் கம்பியுமாகச் சில பறக்கும் பொறிகள். உள்ளே நுழைந்தவர்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் இது துறவிகளின் மடம். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைந்தது. 1794-ல் கிரெகுவார் என்ற பாதிரியார், நாட்டிலுள்ள கருவிகளையும் இயந்திரங்களையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், கைத்தொழில் செய்கிறவர்களுக்கு அவற்றை இயக்கிக் காட்டிப் புரியவைக்க வேண்டும் என்று வாதாடி ஒரு நிறுவனத்தை உண்டாக்கினார். சில ஆண்டுகளில் அதற்கு இந்த மடமே இருப்பிடமாக அமைந்தது. இன்று அதன் பெயர் ஆர் ஏ மேத்தியே அருங்காட்சியகம். பழைய இன்ஜின்களும் விமானங்களும் எந்த ஊரில் இருக்கின்றன என்று விசாரித்துப் போகும் பழக்கம் உள்ளவன் நான். பிரான்ஸ் பயணத்தில் முதலில் இங்கேதான் வந்தேன்.

தேவாலயத்துக்குள் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு படிக்கட்டை நிறுத்தியிருக்கிறார்கள். ஏற ஏற, கீழிருந்து அண்ணாந்து பார்த்த விமானம் கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது. 1909-ஆம் ஆண்டு ஜூலை 25 அதிகாலை, லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அதே விமானம்தான் இது. மாதிரியோ நகலோ இல்லை. மூக்கில் விசிறி விரித்ததுபோல் மூன்று சிலிண்டர் கொண்ட அன்சானி இன்ஜின். அதன் திறன் 25 குதிரைத்திறன், எடை சுமார் 65 கிலோ. மரத்தில் செதுக்கிய ஒற்றை உந்துவிசிறி. விமானியின் இருக்கைக்குப் பின்னால் உடலின் சட்டங்கள் திறந்தபடியே வால்வரை ஓடுகின்றன; துணி பாதி தூரத்தோடு நின்றுவிடுகிறது. மரச்சட்டத்தின் ஒவ்வொரு முட்டிலும் கம்பியை முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கம்பியின் இழுவிசையில்தான் மொத்த விமானமும் நிற்கிறது. இதில் உட்கார்ந்து, திசைகாட்டிகூட இல்லாமல், முந்தைய ஒரு பறத்தலில் தீப்பட்டுப் புண்ணான காலோடு, கடலுக்கு மேலே 37 நிமிடம் பறந்து டோவர் கோட்டைக்குப் பக்கத்தில் இறங்கினார் பிளேரியோ. இறங்கும்போது சக்கரச் சட்டமும் உந்துவிசிறியும் உடைந்தன. உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. கடல் இனி ஒரு நாட்டுக்கு அரண் ஆகாது என்பது அன்று காலை தெரிந்துபோயிற்று.

அந்தச் செய்தி சென்னைக்கும் வந்து சேர்ந்தது. எட்டே மாதத்தில், 1910 மார்ச்சில், சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் கட்டிய விமானத்தை மக்கள் முன் பறக்கவிட்டார். இன்னொரு தொடர்பும் உண்டு. பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஹார்டலோ என்ற ஊரில் பிளேரியோ குடும்பத்துக்கு வீடு இருந்தது. அதன் அண்டையில் விடுமுறைக்கு வந்து தங்கிய சிறுவன் ஜே.ஆர்.டி. டாடா. மணலில் வந்து இறங்கும் விமானங்களைப் பார்த்து வளர்ந்த அந்தச் சிறுவன்தான் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். இந்தத் துணி இறக்கைக்கும் நம் ஊர் வானத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

படிக்கட்டின் மேலே ஒரு வௌவால்

பிளேரியோவின் விமானத்தைப் பார்த்த மகிழ்ச்சியோடு அருங்காட்சியகத்தின் பெரிய படிக்கட்டுக்கு வந்தேன். அங்கே நின்றவன் நெடுநேரம் நகரவில்லை. தலைக்கு மேலே, ஏறத்தாழ 16 மீட்டர் அகலத்துக்குச் சிறகு விரித்து ஒரு பெரிய வௌவால் தொங்குகிறது. விரல் எலும்புகள்போல் வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துப் போர்த்திய துணி, முன்னால் பறவை இறகுகளைக் கோத்துச் செய்ததுபோல் இரண்டு உந்துவிசிறிகள். கிளெமான் அதேர் கட்டிய மூன்றாவது விமானம் இது. இதை இயக்கியது பெட்ரோல் இன்ஜின் அல்ல. இரண்டு நீராவி இன்ஜின்கள்.

அதேர் தொலைபேசித் துறையில் பெரும்பொருள் ஈட்டிய பொறியாளர். ஈட்டியதை எல்லாம் பறக்கும் கனவில் போட்டார். வௌவாலின் இறக்கையை மூட்டு மூட்டாக ஆராய்ந்து அப்படியே மரத்திலும் துணியிலும் செய்தார். 1890 அக்டோபர் 9 அன்று அவருடைய முதல் பொறி, நீராவியின் வலுவில், தரையை விட்டு எழுந்து சுமார் 50 மீட்டர் போனது. உயரம் ஒரு சாண். ரைட் சகோதரர்களுக்குப் பதின்மூன்று ஆண்டு முன்பு! ஆனால் அதைத் திருப்பவோ நிறுத்தவோ அவரால் இயலவில்லை. எனவே உலகம் அதைப் பறத்தல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ராணுவம் பணம் கொடுத்தது. 1897 அக்டோபரில், வெர்சாய்க்கு அருகே சத்தோரி முகாமில் வட்டமாகப் போட்ட ஓடுபாதையில், அதிகாரிகள் பார்த்திருக்க இந்த வௌவாலை ஓடவிட்டார். காற்று பக்கவாட்டில் அடித்தது. பொறி பாதையை விட்டு விலகி உடைந்தது. ராணுவம் கைவிட்டது. பின்னாளில் அதேர் இதை இந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

பறக்காத அந்த விமானத்தைத்தான் இவர்கள் கட்டடத்தின் மிக அழகான படிக்கட்டுக்கு மேலே, வருகிறவர் அனைவரும் கட்டாயம் பார்க்கும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்த பிறகு என் பயணத்தின் போக்கே மாறிவிட்டது. அதன் பிறகு எங்கே போனாலும் என் கண் வெற்றி பெறாத இயந்திரங்களையே தேடியது.

தேடலுக்கு விடை அதே கட்டடத்தில் இருந்தது. நிக்கொலா ஜோசப் குன்யோ என்ற ராணுவப் பொறியாளர் 1770 வாக்கில் கட்டிய நீராவி வண்டி அங்கே நிற்கிறது. தானாக ஓடிய முதல் வாகனம் என்று சொல்லத்தக்கது இதுதான். நீளம் 7 மீட்டருக்கு மேல். பருத்த மரச் சட்டங்கள், பின்னால் பெரிய இரண்டு மரச் சக்கரங்கள், முன்னால் ஒற்றைச் சக்கரம். அந்தச் சக்கரத்துக்கும் முன்னே கல்யாண வீட்டு அண்டாவைப் போல் ஒரு செம்புக் கொதிகலன் தொங்குகிறது. கொதிகலனிலிருந்து குழாய் வளைந்து இரண்டு சிலிண்டர்களுக்கு நீராவியைக் கொண்டுபோகிறது. பிஸ்டன்கள் மாறி மாறி இறங்கி, பற்சக்கரத்தைக் கொக்கியால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளி, முன்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஒன்றும் மறைவில் இல்லை. விரலால் தொடர்ந்து போனால் நெருப்பிலிருந்து சக்கரம்வரை விசை போகும் வழி முழுவதும் புரிகிறது.

பீரங்கி இழுக்கத்தான் இதைச் செய்தார்கள். நடந்துபோகும் மனிதனின் வேகம்கூட இல்லை. மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர். கால் மணி நேரம் ஓடினால் நின்று மறுபடி நீராவி சேர்க்க வேண்டும். இவ்வளவு எடையும் முன்னால் தொங்குவதால் திருப்புவதும் கடினம். 1770 முடிவில் ஆதரவாக இருந்த அமைச்சர் ஷுவாசேல் பதவி இழந்தார். வண்டி மூலைக்குப் போனது. ஆனாலும் யாரும் அதை விறகாகவோ பழைய உலோகமாகவோ விற்றுவிடவில்லை. 1800-ஐ ஒட்டி இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் மூலப் பொருளாகவே நிற்கிறது. 2010-ல் பொறியியல் மாணவர்கள் இதை அளந்து அதே அளவில் ஒரு வண்டி செய்து ஓட்டியே காட்டினார்கள்.

குன்யோவுக்கும் அதேருக்கும் நடுவே நூற்றிருபது ஆண்டுகள். இருவரையும் கீழே இழுத்தது ஒன்றுதான்: எடை. நீராவி இன்ஜினுக்கு நெருப்பு வெளியே எரிய வேண்டும். அந்தச் சூட்டைத் தண்ணீருக்கு மாற்ற ஒரு கொதிகலன் வேண்டும். தண்ணீரையும் எரிபொருளையும் கூடவே சுமக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் நெருப்பு சிலிண்டருக்குள்ளேயே எரிகிறது. கொதிகலன் இல்லை, சுமக்கத் தண்ணீர் இல்லை. தரையில் ஓடும் ரயிலுக்கு எடை துணை. சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்க எடை வேண்டும். வானத்தில் எடைதான் பகை. ஒரே கட்டடத்தில் குன்யோவின் வண்டி, அதேரின் வௌவால், பிளேரியோவின் விமானம் மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் புத்தகம் இல்லாமலே இது விளங்கிவிடும்.

லெ பூர்ஜேயில் இரண்டு சக்கரங்கள்

பாரிசுக்கு வடக்கே லா கூர்னெவ் பகுதியில் ஈழத் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். லெ பூர்ஜே விமான அருங்காட்சியகம் அவர் வீட்டிலிருந்து எட்டும் தூரம்தான்.

“அண்ணை, கனகாலமா இஞ்சைதான் இருக்கிறன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலை அந்த வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போறனான். ஒருநாளும் உள்ளுக்குப் போகேல்லை,” என்றார்.

“அப்ப இன்னைக்கு வாங்க தம்பி, பலகையில எழுதியிருக்கறதை நீங்க படிச்சுச் சொன்னா எனக்கும் உதவியா இருக்கும்,” என்று அழைத்துக்கொண்டு போனேன்.

லெ பூர்ஜே ஒரு காலத்தில் பாரிஸின் விமான நிலையம். 1927 மே 21 இரவு, நியூயார்க்கிலிருந்து தனியாக முப்பத்துமூன்றரை மணி நேரம் பறந்து வந்த சார்லஸ் லிண்ட்பெர்க் இறங்கியது இந்த மைதானத்தில்தான். 1937-ல் கட்டிய பழைய முனையக் கட்டடம் இப்போது அருங்காட்சியகத்தின் பெரிய கூடம். லிண்ட்பெர்கின் விமானம் இங்கே இல்லை. அது வாஷிங்டனில் இருக்கிறது. இங்கே இருப்பது வேறு ஒன்று. ஒரு அச்சு, அதன் இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள். அவ்வளவுதான்.

நண்பர் பலகையைப் படித்துச் சொன்னார். லிண்ட்பெர்க் வந்து இறங்குவதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, மே 8 காலையில், இதே மைதானத்திலிருந்து ஷார்ல் நுன்ஜெஸ்ஸர், பிரான்சுவா கோலி என்ற இரு பிரெஞ்சு விமானிகள் ‘வெள்ளைப் பறவை’ என்ற விமானத்தில் நியூயார்க் நோக்கிக் கிளம்பினார்கள். எடையைக் குறைப்பதற்காக, மேலே எழுந்ததும் சக்கரச் சட்டத்தைக் கழற்றிக் கீழே போட்டுவிடுவது திட்டம். நியூயார்க்கில் தண்ணீரில் இறங்கிக்கொள்ளலாம் என்று விமானத்தின் அடிப்பாகத்தைப் படகாகவே செய்திருந்தார்கள். திட்டப்படி சக்கரங்கள் விழுந்தன. விமானம் மேற்கே போனது. நியூயார்க் போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. கழற்றிப் போட்ட அந்தச் சக்கரங்கள் மட்டும் இங்கே இருக்கின்றன.

“இதைப் பாக்கேக்கை நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது அண்ணை,” என்றார் நண்பர். கடலைத் தாண்டி வந்து, வராமல் போனவர்களை நினைத்து வாழ்கிறவர் அவர். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

அடுத்த கொட்டகையில் இரண்டு கன்கார்டுகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று 1969 மார்ச் 2 அன்று துலூஸில் ஆந்த்ரே துர்க்கா முதன்முதலாகப் பறக்கவைத்த 001. மற்றது பயணிகளை ஏற்றிப் பறந்தது. முதலில் 001-க்குள் போனோம். குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது. கூரையில் வட்டமாகச் சில சன்னல்கள் தெரிகின்றன. விமானத்தின் கூரையில் சன்னல் எதற்கு?

1973 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவின் மேல் முழுச் சூரிய கிரகணம். தரையில் நின்று பார்த்தால் அதிகபட்சம் ஏழு நிமிடம் மட்டுமே சூரியன் மறைந்திருக்கும். நிலவின் நிழல் ஒலியைவிட வேகமாக ஓடுகிறது. கன்கார்டும் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அறிவியலாளர்கள் கூரையில் துளையிட்டுக் கருவிகளைப் பொருத்தினார்கள். கேனரித் தீவுகளிலிருந்து எழுந்து நிழலுக்குள் புகுந்த விமானம் அதோடு கூடவே சகாரா பாலைவனத்தின் மேல் ஓடியது. 74 நிமிடம் இடைவிடாமல் கிரகண இருளுக்குள் இருந்தார்கள். மனிதன் செய்த ஒன்று, நிலவின் நிழலோடு ஓடி ஈடுகொடுத்த கதை இது. அந்தச் சன்னலுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பக்கத்திலிருந்த பயணி விமானத்தில் இருபுறமும் இரண்டிரண்டாக இருக்கைகள். சன்னல்கள் உள்ளங்கை அளவு. நூறு பேரைச் சுமக்க ஏறத்தாழ 95 டன் எரிபொருள். இங்கேயும் எடைக் கணக்குதான். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் சார்ல் டி கோல் நிலையத்திலிருந்து எழுந்த ஒரு கன்கார்டு தீப்பிடித்து, பக்கத்திலிருந்த இந்த லெ பூர்ஜேயிலாவது இறங்கிவிட முயன்று, எட்ட முடியாமல் கோனெஸ் ஊரில் விழுந்தது. 113 பேர் இறந்தார்கள். பிளேரியோ கால்வாயைத் தாண்டிய அதே ஜூலை 25. 2003-ல் கன்கார்டுகள் எல்லாமே ஓய்வு பெற்றன. இன்றுவரை அந்த வேகத்தில் பயணிகளைச் சுமக்க இன்னொரு விமானம் வரவில்லை. வணிகத்தில் தோற்ற அந்த விமானத்தின் முதல் பிறவியை இவர்கள் கூரையின் கீழ், தூசி படியாமல் காக்கிறார்கள். வெளியே திறந்தவெளியில் ஒரு போயிங் 747 நிற்கிறது. அதன் உட்சுவரைப் பல இடங்களில் உரித்துவிட்டு, விலா எலும்பு போன்ற வளைச்சட்டங்களையும் கம்பிக் கற்றைகளையும் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். பயணம் செய்யும்போது ஒருநாளும் கண்ணில் படாதவை அவை.

முலூஸில் ஓடாமல் ஓடும் இன்ஜின்

விமானத்தைப் பார்த்த உற்சாகத்தில் நண்பர் ரயில் அருங்காட்சியகத்துக்கும் வருவதாகச் சொல்லிவிட்டார். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எல்லைகளை ஒட்டிய முலூஸ் நகரில் இருக்கிறது, ஐரோப்பாவின் பெரிய ரயில் அருங்காட்சியகங்களில் ஒன்று. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் போய், அங்கிருந்து டிராமில் ‘அருங்காட்சியகங்கள்’ என்றே பெயரிட்ட நிறுத்தத்தில் இறங்கினால் போதும். முலூஸ் 1839 முதல் ரயில் இன்ஜின் கட்டிய ஊர்.

கூடத்துக்குள் நுழைந்ததும் எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை. 1852-ல் கட்டிய கிராம்ப்டன் இன்ஜின் ஆளைவிட உயரமான ஒற்றை ஜோடி உந்துசக்கரத்தோடு நிற்கிறது. சக்கரத்தின் குறுக்களவு 2.3 மீட்டர். அதைத் தாண்டிப் போனால், நீளவாக்கில் அறுத்து வயிற்றைத் திறந்து வைத்த ஒரு பெரிய இன்ஜின். 1911-ல் வடக்கு ரயில்வே இந்த வகையில் இரண்டே இரண்டு கட்டியது; தொடர்ந்து கட்டவில்லை. அவற்றில் ஒன்றை 1937 பாரிஸ் கண்காட்சிக்காக இப்படி அறுத்தார்கள். நெருப்புப் பெட்டியிலிருந்து புகைபோக்கிவரை நூற்றுக்கணக்கான குழாய்கள் கொதிகலனுக்குள் ஓடுவதை வெறும் கண்ணால் எண்ணலாம். கரி எரிந்த சூடான புகை அந்தக் குழாய்களுக்குள் போகும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும். அவ்வளவு எளிய ஏற்பாட்டில்தான் ஒரு நூற்றாண்டுக் காலம் உலகம் ஓடியது.

பக்கத்தில் ஒரு புகாட்டி ரயில்கார். கதை சுவையானது. ‘ரோயால்’ என்று உலகிலேயே மிக ஆடம்பரமான காரைச் செய்தார் எத்தோரே புகாட்டி. விலை கொடுத்து வாங்க ஆளில்லை. ஆறே கார்களோடு நின்றுபோனது. மிஞ்சிய பெரிய இன்ஜின்களை அவர் ரயிலுக்குள் வைத்தார். வாங்க ஆளில்லாத காரின் இன்ஜின் பிரான்ஸ் முழுவதும் மக்களைச் சுமந்துகொண்டு வேகமாக ஓடியது.

அடுத்து, நிற்கும் இடத்திலேயே சக்கரம் சுழலும் இன்ஜின். 232 யு 1 என்பது அதன் எண். உருளைகளின் மேல் நிறுத்தி மின்மோட்டாரால் சுழற்றுகிறார்கள். பெரிய சக்கரங்கள், அவற்றைப் பிணைக்கும் தண்டுகள், வால்வை இயக்கும் நெம்புகோல்கள் எல்லாம் அடுத்தடுத்த ஒழுங்கில் ஏறி இறங்குகின்றன. சக்கரத்துக்கு அருகில் நின்றால் எண்ணெய் பூசிய எஃகு மின்னுவது தெரிகிறது. தண்டு ஒவ்வொரு சுற்றிலும் நம் மார்பு உயரத்துக்கு வந்து தாழ்கிறது.

பலகையைப் படித்துக்கொண்டிருந்த நண்பர் திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணை, இஞ்சை பாருங்கோ! இது எங்கட லா கூர்னெவிலை செய்த இன்ஜினாம். லா ஷப்பெல் ஷெட்டிலைதான் நிண்டதாம்!”

உண்மைதான். மார்க் டி காசோ வடிவமைத்த இதை 1949-ல் லா கூர்னெவில் இருந்த கொர்பே லூவே ஆலையில் கட்டினார்கள். பாரிஸ் வடக்கு நிலையத்துக்குப் பின்னாலுள்ள லா ஷப்பெல் ஷெட்டிலிருந்து லீல் நகருக்கு விரைவு வண்டிகளை இழுத்துக்கொண்டு போனது. இன்று அந்த லா ஷப்பெல் பாரிஸ் தமிழர்களின் கடைத்தெரு. வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வாங்க நண்பர் குடும்பத்தோடு போகும் இடம். அருமையான இன்ஜின் இது, ஆனால் பிறந்த காலம் சரியில்லை. மின்சார ரயில் வந்துகொண்டிருந்தது. இந்த வகையில் இது ஒன்றுதான். இரண்டாவது பிறக்கவே இல்லை. 1961-ல் ஓய்வு பெற்றது.

அங்கிருந்த ஒரு இன்ஜினின் ஓட்டுநர் அறைக்குள் ஏறினோம். எதிரே நெருப்புப் பெட்டியின் கதவு, அதற்கு மேலே அழுத்தமானிகள், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், ஃபயர்மேன் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அது இன்ஜெக்டருக்கானது. நான் பார்க்க விரும்பியது இதைத்தான்.

கொதிகலனுக்குள் அழுத்தம் நிரம்பியிருக்கும்போது வெளியிலிருந்து தண்ணீரை உள்ளே செலுத்துவது எப்படி? முதலில் அச்சோடு பிணைத்த பம்பு வைத்தார்கள். இன்ஜின் ஓடினால்தான் பம்பு ஓடும். நிலையத்தில் நிற்கும்போது தண்ணீர் குறைந்துவிட்டால், தண்ணீர் ஏற்றுவதற்காகவே இன்ஜினை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டியிருந்தது. 1858-ல் ஆன்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு குழலைச் செய்தார். கொதிகலனின் நீராவியையே ஒரு குறுகிய வாய் வழியே பீறிடச் செய்தால் அது குளிர்ந்த நீரை இழுத்துக்கொண்டு, தானும் குளிர்ந்து தண்ணீராகி, பாய்ந்த வேகத்தில் வால்வைத் தள்ளிக்கொண்டு மறுபடி கொதிகலனுக்குள்ளேயே நுழைந்துவிடும். சுழலும் பாகம் இல்லை, பிஸ்டன் இல்லை. கொதிகலன் தன் மூச்சாலேயே தண்ணீர் குடிக்கிறது! ஆரம்பத்தில் பொறியாளர்களே இதை நம்பவில்லை. பிறகு உலகமெங்கும் நீராவி இன்ஜின்களில் ஏறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலையேறும் நம் இன்ஜினும் தண்ணீர் குடிப்பது இந்த வழியில்தான்.

யார் இந்த ஜிஃபார்? 1852 செப்டம்பர் 24 அன்று, 44 மீட்டர் நீளமான வாயுப் பையின் கீழே ஒரு நீராவி இன்ஜினைத் தொங்கவிட்டு, பாரிசிலிருந்து டிராப் ஊர்ப் பக்கம்வரை 27 கிலோமீட்டர் பறந்தவர் அவர்தான். தானே உந்திச் சென்ற முதல் வான்கப்பல் அது. எரியும் வாயுவின் கீழே நெருப்பு! தீப்பொறி மேலே பறக்காமல் இருக்கப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தார். கொதிகலனும் இன்ஜினும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல். கிடைத்த திறனோ 3 குதிரைத்திறன். எதிர்க்காற்றை வெல்ல அது போதவில்லை. கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. அவர் கனவு கண்ட பெரிய வான்கப்பல் எழவே இல்லை. ஆனால் கொதிகலனோடு அவர் பட்ட பாடு வீண்போகவில்லை. இன்ஜெக்டர் அவருக்குப் புகழும் பணமும் தேடித்தந்தது. ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே பொறித்த 72 பெயர்களில் ஜிஃபாரின் பெயரும் இருக்கிறது. கோபுரத்துக்குப் போகிறவர்கள் தேடிப் பாருங்கள்.

வானத்தில் தோற்ற ஒருவரின் கைவேலை, உலகின் தண்டவாளங்களில் எல்லாம் ஓடியிருக்கிறது. நீராவி பறக்கவில்லை என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். முயன்றவர்களின் கருவிகளை நேரில் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியாது. புகாட்டியின் தோல்வி ரயிலில் ஓடியது. ஒரு முயற்சி எங்கே போய்ப் பலன் தரும் என்பது அது நடக்கும் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த முயற்சியின் உடலைக் காத்து வைக்க வேண்டும்.

நம் கடமை

இந்த மூன்று அருங்காட்சியகங்களுக்கும் தமிழர்கள் கட்டாயம் போக வேண்டும். பாரிசில் இருக்கிறவர்கள் பிள்ளைகளோடு போங்கள். ஆர் ஏ மேத்தியேக்கும் லெ பூர்ஜேக்கும் திங்கட்கிழமை விடுமுறை. லெ பூர்ஜேக்கு ஆர்.இ.ஆர். பி ரயிலில் வந்து 152-ஆம் எண் பேருந்து ஏறினால் வாசலிலேயே இறக்கிவிடும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் போக இடம் உண்டு. சென்னை பெரம்பூரில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சியிலும் இருக்கிறது. அங்குள்ள பொன்மலைப் பட்டறையில்தான் இந்த நூற்றாண்டிலும் ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டினார்கள். பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மாருத் விமானம் நிற்கிறது. 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்த, நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய போர் ஜெட். ஒலியின் வேகத்தை மிஞ்ச வேண்டும் என்று திட்டமிட்டார்கள். அதற்கேற்ற வலுவான இன்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. 147 விமானங்களோடு நின்றுபோனது. அதன் முன் நின்று இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகங்களை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெயிலிலும் மழையிலும் இன்ஜினை நிறுத்தி, வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்து, பெயரும் ஆண்டும் எழுதிய பலகையை நட்டால் மட்டும் போதாது. ஒரு இன்ஜினையாவது பக்கவாட்டில் அறுத்துத் திறந்து வையுங்கள். ஒரு இன்ஜினின் சக்கரமாவது சுழலட்டும். ஓய்வு பெற்ற ஃபிட்டர்களும் ஃபயர்மேன்களும் நம் ரயில் நகரங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து இன்ஜின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். கிரெகுவார் பாதிரியார் 1794-ல் கேட்டது இதைத்தான். கைவிட்ட திட்டங்களின் பொறிகளையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். அவை போய்விட்டால், அடுத்து முயல்கிறவனுக்கு நாம் காட்ட ஒன்றும் இருக்காது.